சளி விட்ட பிறகு உலகம் சுற்றினால்: எந்த மருத்துவர், எந்த ஸ்கேன், எந்த மாத்திரை?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். அந்தச் சளி வடிந்து, ஆள் தேறி, வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு சிலருக்கு மட்டும் இது வருகிறது. காலையில் கண்ணைத் திறந்தால் அறை சுற்றுகிறது. எழுந்து நின்றால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வாந்தி நிற்பதில்லை. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பித்தம், எலுமிச்சைச் சாறு கொடு என்கிறார் பாட்டி. பிரஷர் இறங்கியிருக்கும், உப்புப் போட்டு மோர் கொடு என்கிறார் எதிர்வீட்டு மாமா. தெருமுனை மருந்துக்கடையில் தலைசுற்றல் மாத்திரையான வெர்டின் ஒரு அட்டை கொடுத்துவிடுகிறார்கள். மகனோ போனில் எம்ஆர்ஐ சென்டரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இந்த நோயில் பணமும் பதற்றமும் போகிற இடம் ஒன்று, பலன் கிடைக்கிற இடம் வேறு. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் இருக்கிற வழிகளை எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. உள்காதில் சமநிலைக்கான உறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. தலை அசையாமல் இருக்கும்போதும் இரண்டும் மூளைக்குச் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். வைரஸால் ஒரு பக்க நரம்பு வீங்கி ஓய்ந்துவிட்டால், நல்ல பக்கத்துச் செய்தி மட்டும் போய்ச் சேருகிறது. தலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. இதற்கு வெஸ்டிபுலர் நியூரைடிஸ் என்று பெயர். சமநிலை நரம்பின் மேல்கிளைதான் பெரும்பாலும் அடி வாங்கும். அது போகிற எலும்புக் குழாய் குறுகலானது, வீங்கினால் நசுங்க வேண்டியதுதான். உதட்டில் கொப்புளம் போடுகிற அதே ஹெர்பிஸ் வைரஸ் சமநிலை நரம்பின் முடிச்சில் பதுங்கியிருப்பதை இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் அதன் மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் இன்ன வைரஸ்தான் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை நடைமுறையில் கிடையாது. யாராவது நீளமான பட்டியல் எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

நரம்போடு காதின் கேட்கும் பகுதியும் சேர்ந்து பாதித்தால் அது லேபிரிந்தைடிஸ். அப்போது தலைசுற்றலோடு ஒரு காது மந்தமாகும், இரைச்சல் கேட்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு முடிவுகள் இதை வைத்துத்தான் மாறப்போகின்றன.

இப்போது முதல் கேள்வி. உடனே அவசரப் பிரிவுக்கா, காலையில் ஈஎன்டி மருத்துவரிடமா, வீட்டிலேயே படுத்துப் பார்ப்பதா?

சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போகும் ரத்தம் அடைபட்டாலும் இதே மாதிரிதான் சுற்றும், இதே மாதிரிதான் வாந்தி வரும். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை என்பதால் பக்கவாதம் இல்லை என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பின்மூளைப் பக்கவாதத்தில் அவை இல்லாமலும் இருக்கலாம். பேச்சு குழறுவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, முகமோ கையோ மரத்துப்போவது, விழுங்க முடியாமல் போவது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, பிடித்துக்கொண்டும் நிற்கவே முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்கு அழைத்துவிட வேண்டியதுதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜிஹெச்சிலும் ஸ்டான்லியிலும் அவசரப் பிரிவு இரவெல்லாம் திறந்திருக்கும், நரம்பியல் பிரிவும் உண்டு. தனியார் என்றால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, இரவில் நரம்பியல் மருத்துவரும் எம்ஆர்ஐயும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. பெயர்ப்பலகையில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இரவில் ஒரு டியூட்டி டாக்டர் மட்டும் இருக்கும் இடங்கள் நிறைய.

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனால் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால்? ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இதயத்துடிப்புக் கோளாறு இவற்றில் ஏதாவது உள்ளவர் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு என்பதுதான் என் தேர்வு. இந்த ஊரில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் நடுவயதுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேறு நோய் இல்லாத முப்பது வயதுக்காரரும் அன்றைக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வீட்டிலேயே படுத்துப் பார்ப்பது என்கிற வழியை, முதல் நாளைப் பொறுத்தவரை, நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். விடாத வாந்தியில் உடம்பில் நீர் வற்றிப்போவது ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

அடுத்தது ஸ்கேன். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் தாங்களே விரும்பி. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும். பின்மூளையில் புதிதாக ஏற்பட்ட அடைப்பைப் பெரும்பாலும் தவறவிடும். "சிடி நார்மல்" என்கிற காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது நிம்மதி தருகிறதே தவிர, கேள்விக்குப் பதில் தரவில்லை. எம்ஆர்ஐ எவ்வளவோ மேல். ஆனால் முதல் ஓரிரு நாளில் அதுவும் தவறலாம்.

2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாத அபாயம் உள்ள, இடைவிடாமல் சுற்றும் 101 பேரைச் சோதித்தார்கள். பக்கவாதம் இருந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு முதல் எம்ஆர்ஐ நார்மல் என்று வந்தது. படுக்கை அருகே நின்று கண்ணைப் பார்த்துச் செய்யும் மூன்று சோதனைகள் அவர்கள் ஒருவரையும் தவறவிடவில்லை. ஹின்ட்ஸ் என்று அதைச் சொல்கிறார்கள். தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பும்போது பார்வை நிலையாக நிற்கிறதா, கண்ணின் துடிப்பு ஒரே திசையில் இருக்கிறதா, ஒரு கண்ணை மூடித் திறக்கும்போது கண் மேலும் கீழுமாக நகர்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தலையைத் திருப்பும் சோதனையில் கண் தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் காதில் என்று அர்த்தம், அது நல்ல செய்தி. இவ்வளவு சுற்றும்போதும் கண் பிசகாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை. பழகிய கை செய்தால்தான் இதற்கு மதிப்பு. சுற்றல் நின்றுபோன பிறகு செய்தாலும் பயனில்லை. ஆகவே நல்ல நரம்பியல் மருத்துவரோ, இதில் பயிற்சி உள்ள ஈஎன்டி மருத்துவரோ பார்த்து "காதுதான்" என்று சொல்லிவிட்டால், ஆரோக்கியமான இளைஞருக்கு எம்ஆர்ஐ இல்லாமலே நகரலாம். அப்படிப்பட்டவர் கிடைக்கவில்லை, அல்லது நோயாளிக்கு ஆபத்துக் காரணிகள் இருக்கின்றன என்றால் எம்ஆர்ஐ எடுப்பதில் தப்பில்லை. ஆனால் முதல் நாள் நார்மல் வந்தது என்பதற்காக, மறுநாள் புதிதாகத் தோன்றும் அறிகுறியை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

காது கேட்பது குறைந்திருந்தால் "அப்பாடா, காதுக் கோளாறுதான்" என்று எண்ணத் தோன்றும். உள்காதுக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலும் காது போகும், தலையும் சுற்றும். சர்க்கரை உள்ள அறுபது வயதுக்காரருக்குத் திடீரென ஒரு காது மந்தமாகித் தலையும் சுற்றினால், வைரஸ் என்று சொல்வதற்கு முன் பக்கவாதத்தை ஒதுக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். பல காலமாகக் காதில் சீழ் வடிகிறவருக்குத் தலைசுற்றல் தொடங்கினால் அதுவும் வேறு கதை. அது பாக்டீரியா உள்ளே புகுந்ததாக இருக்கலாம், அன்றைக்கே ஈஎன்டி பார்க்க வேண்டும்.

இதோடு குழம்பும் இன்னொன்று, படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல். உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. எப்ளி முறையில் தலையைத் திருப்பித் திருப்பித் துகளை இடத்தில் சேர்ப்பார்கள், பலருக்கு ஒரே அமர்வில் சரியாகிவிடும். நரம்பு அழற்சிக்கு எப்ளி செய்து பயனில்லை. துகள் கோளாறுக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை. அப்புறம் "கழுத்து எலும்புத் தேய்மானம்". நாற்பது தாண்டியவர்களுக்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் பலருக்கும் ஏதாவது தேய்ந்துதான் இருக்கும். அதைக் காட்டிக் கழுத்துப் பட்டை மாட்டி அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தலையை அசைத்துப் பழக வேண்டிய நோய்க்குத் தலையை அசைக்காமல் கட்டிவைப்பது எனக்கு எரிச்சல் தரும் விஷயம்.

ஈஎன்டியா, நரம்பியலா என்பது ஆபத்து விலகிய பிறகு பெரிய கேள்வி இல்லை. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். செலவும் குறைவு, நரம்பு மட்டுமா லேபிரிந்தைடிஸா என்று பிரித்துக் காட்டுவதும் அதுதான். அது ஈஎன்டியில்தான் எளிதாக நடக்கும் என்பதால் அங்கே தொடங்குவது வசதி. கண்ணில் கேமரா மாட்டிக் காதில் குளிர்ந்த, சூடான நீரோ காற்றோ செலுத்தும் பரிசோதனையைத் தனியார் இடங்களில் முதல் நாளே தொகுப்பாகச் சொல்வார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு பாதிப்பு என்று அது காட்டும். வைத்தியர் கண்ணசைவைச் சோதித்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டால் இதற்கு அவசரமில்லை, சில வாரம் கழித்தும் தேறவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஜிஹெச்சில் ஈஎன்டிக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, புறநோயாளிப் பிரிவில் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்க வேண்டும், தலை சுற்றுகிறவரோடு துணைக்கு ஒருவர் போயே ஆக வேண்டும். துணைக்கு ஆளும் ஒரு காலைப் பொழுதும் இருக்கிறவருக்கு அது நல்ல வழி. வீட்டுக்குப் பக்கத்தில் நிதானமாகப் பேசுகிற ஈஎன்டி ஒருவர் இருந்தால் அதுவும் நல்ல வழிதான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். சுற்றலை அமுக்கும் மருந்துகளான ஸ்டெமெட்டில், ஸ்டுஜெரான் போன்றவை முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியை அடக்கப் பெரிய உதவி. அதற்கு மேல் போனால் அவையே தடையாகின்றன. ஒரு பக்கச் செய்தி நின்றுபோனதற்கு மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்த மருந்துகள் மூளையையும் சேர்த்து மந்தப்படுத்தி அந்த வேலையைத் தாமதப்படுத்தும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும், காரணம் அட்டையில் இருக்கும். வெர்டின் என்ற பெயரில் நமக்குப் பழக்கமான பீட்டாஹிஸ்டின் அவ்வளவு மந்தப்படுத்தாது. ஆனால் அது இந்த நோயைக் குணமாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. மெனியர் என்ற இன்னொரு காது நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தால் "எப்போது நிறுத்துவது டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் உண்மையிலேயே இரண்டு பக்கமும் வாதம் உள்ள இடம். ஜெர்மனியில் 141 பேரை வைத்து நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், தொடங்கிய மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து நரம்பின் செயல்பாடு சராசரியாக 62 சதவீதம் மேம்பட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 40 சதவீதம். வைரஸ் எதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தவர்களுக்கு 36. வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸ் மருந்துதானே பலன் தர வேண்டும் என்று தோன்றும், தரவில்லை. ஆக அந்த மருந்து வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. காது மடலில் கொப்புளமும் அதே பக்க முகத்தில் வாதமும் சேர்ந்தால் அது சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்புவதால் வருவது. அங்கே வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் இரண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

அப்படியானால் ஸ்டீராய்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே? அந்த 62 என்பது கருவி அளந்த நரம்புச் செயல்பாடு. நோயாளிக்குத் தலைசுற்றல் குறைந்ததா, வேலைக்குத் திரும்பினாரா என்பது வேறு கணக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட 2011 அலசல், எல்லோருக்கும் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றுதான் சொன்னது. எதிர்த்தட்டில் நம் ஊர் சர்க்கரை. கட்டுப்பாட்டில் இருக்கிற சர்க்கரைகூட ஸ்டீராய்டு தொடங்கினால் ஏறிவிடும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் தொல்லை. என் பார்வையில், சர்க்கரை இல்லாதவர் மூன்று நாளுக்குள் வந்து, மருத்துவரும் பரிந்துரைத்தால் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், வெறும் நியூரைடிஸ்தான் என்றால், வேண்டாம் என்று சொல்வதால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. காது கேட்பது குறைந்திருந்தால் தராசு மறுபக்கம் சாயும். திடீர்க் காது மந்தத்துக்கு ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். சர்க்கரைக்காரருக்கு அதைச் செவிப்பறை வழியாக ஊசியில் நேரடியாகக் காதுக்குள் செலுத்தும் வழியும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கடைசித் தேர்வு, எல்லாவற்றிலும் மலிவானது, எல்லோரும் கைவிடுவது: ஓய்வா, பயிற்சியா?

"நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பது அன்பில் சொல்வது. முதல் ஓரிரு நாளுக்குச் சரி. அதற்குப் பிறகு தலையை அசைக்காமல் படுத்தே இருந்தால், தவறு நடக்கிறது என்கிற தகவலே மூளைக்குப் போகாது, எதை வைத்து அது திருத்திக்கொள்ளும்? லேசாகச் சுற்ற வைக்கும் அசைவுகளைத் தெரிந்தே செய்வதுதான் சிகிச்சை. 1940களில் காதோர்ன், குக்சி என்ற இருவர் இங்கிலாந்தில் வகுத்த பயிற்சிகளில் தொடங்கி இன்றைக்கு இது தனித் துறையாகிவிட்டது. 39 ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் அலசல், ஒரு பக்கக் காதுப் பாதிப்புக்கு இது பாதுகாப்பானது, பலன் தருவது என்று தெளிவாகவே சொல்கிறது. ஸ்டீராய்டு பற்றிய தயக்கம் இங்கே இல்லை.

செய்வது எளிது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் இடம் வலமாக, பிறகு மேலும் கீழுமாக அசைப்பது. நகம் மங்காத அளவு வேகம். ஒரு நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. காலைச் சேர்த்து வைத்து நிற்பது, அப்புறம் கண்ணை மூடி நிற்பது, சுவர் ஓரமாகவோ ஆள் துணையோடோ. மொட்டை மாடியில் வெயில் தாழ நடந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது. நன்றாகத் தேறிய பிறகு பெசன்ட் நகர் மணலில் நடக்கலாம், கால் பதியாத தரை நல்ல பரீட்சை. ரங்கநாதன் தெருக் கூட்டமோ, வரிசை வரிசையாகப் பொருள் அடுக்கிய சூப்பர் மார்க்கெட்டோ சிலருக்கு மாதம் கழிந்த பிறகும் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அதைத் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் நிலைத்துவிடும். ஐந்து நிமிடம், கூட்டம் குறைந்த நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும்.

பிசியோதெரபிஸ்டிடம் போவதா, தானே செய்வதா? காதுச் சமநிலையில் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் ஒன்றிரண்டு தடவை போய்க் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது என் விருப்பம். ஆனால் வெறும் முட்டிவலிக்கு எலக்ட்ரிக் பெட்டி வைக்கும் இடத்தில் பத்து அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். நீண்டகாலத் தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கையேடு ஒன்றைக் கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்த பிரிட்டன் ஆய்வு 2012இல் வந்தது, அதிலும் நல்ல பலன் தெரிந்தது. எழுபது தாண்டியவர், விழுந்து எழுந்தவர் என்றால் மட்டும் தனியாக ஆரம்பிக்க வேண்டாம். இரவில் கழிப்பறை விளக்கை எரியவிடுங்கள். காது கைவிட்டபோது உடம்பு கண்ணை நம்பித்தான் நிற்கிறது, இருட்டில் அதுவும் இல்லை. இதே காரணத்தால் கடலிலும் நீச்சல் குளத்திலும் தலையை முக்குவது வேண்டாம், தண்ணீருக்கடியில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம்.

ஸ்கூட்டர் எப்போது எடுக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். பின்னால் வரும் பஸ்ஸைத் தோளுக்கு மேல் சட்டெனத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்வை மங்காமல், தள்ளாமல் நேரே நிற்க முடிகிறதா என்று தரையில் நின்று பாருங்கள். அது முடியாதவரை மெட்ரோதான். மாத்திரையின் தூக்கக் கலக்கம் இருக்கும்வரையும் அப்படியே.

பெரும்பாலோர் சில வாரங்களில் நடமாட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள், முழுத் தெம்பு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஒன்றரை மாதம் பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். இடையில் படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றுகிறது என்று ஆனால், அடிபட்ட காதில் துகள் நழுவியிருக்கலாம், அது சகஜம், எப்ளி போதும். முழு அட்டாக்கே இரண்டாம் தடவை வந்தால் "மறுபடி அதே வைரஸ்" என்று விட்டுவிடாதீர்கள். நியூரைடிஸ் திரும்ப வருவது அபூர்வம். அப்போது புது ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்த்து மெனியரா என்று பார்ப்பார்கள், தலைவலி, வெளிச்சம் கூசுவது பற்றிக் கேட்டு ஒற்றைத் தலைவலி வகைச் சுற்றலா என்றும் பார்ப்பார்கள். அதனால் முதல் தடவை எடுத்த ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்திருங்கள்.